ஜாலத்தை வெட்டியவர்

தவளை பேசக் கூடாது என்று அவர் உத்தரவு போட்ட அன்றே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போய்விட்டது.

கிள்ளானில் எங்கள் தமிழ்ச் சபையில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டவர் அவர். பெயர் எதற்கு? சிறுசிலிருந்து பெருசுவரை எல்லாருக்கும் அவர் ‘டைரக்டர் அங்கிள்’. ஒல்லியான உடம்பு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா, அதை ஒட்டி ஒரு சின்ன நீல டப்பா. வேலை பார்த்த காலத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். சபையில் பாதிப் பேர் வைத்திருக்கும் மெடிக்கல் கார்டு அவர் தலையில் கட்டியதுதான். நோய் வரும், விபத்து வரும், நாளைக்கே வரலாம் என்று வீடு வீடாகப் பயமுறுத்திப் பிழைத்த மனுஷர், ரிட்டையர் ஆனதும் ஒரேயடியாக விசுவாசத்தின் பக்கம் தாவிவிட்டார்.

மற்ற சபைகளில் மாட்டுத் தொழுவம், கிழக்கத்திய சாஸ்திரிகள், ஆட்டுக்குட்டி வேஷத்தில் அழுகிற ஒரு பிள்ளை என்று ஒழுங்காகப் போடுவார்கள். இவருக்கு அது போதாது. “தொழுவத்தையே எத்தன தடவ காட்டறது? வெளிப் பிள்ளைங்களும் வரணும்ல?” என்பார். அதனால் ஊர் உலகத்தில் இருக்கும் ராஜா ராணிக் கதைகளை எடுத்து, அதிலிருக்கும் ஜாலத்தையெல்லாம் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் விசுவாசத்தை வைத்துத் தைப்பார். இதற்கு அவர் வைத்த பேர், ‘கதையை ரட்சிக்கிறது’. எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சலாக வரும். பாவம் அந்தக் கதைகள், அவரிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டனவா?

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தேன். என் அக்கா கிள்ளானில். மாமா இறந்த பிறகு அவளும் மகள் ரீனாவும்தான். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய் அவர்களோடு சபைக்குப் போவது, மத்தியானம் அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என்று ஒரு வழக்கம். நாடகத்தில் எனக்குத் திரை இழுக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். அதனால் ஒத்திகை எல்லாவற்றையும் ஓரத்தில் நின்று பார்க்கும் தண்டனை எனக்குக் கிடைத்தது.

தவளைக் கதைக்கு வருகிறேன். சாபத்தால் தவளையான ராஜகுமாரன் கதை யாருக்குத்தான் தெரியாது? “தவளை பேசினா அது பிசாசு. வெட்டு” என்றார். சாபம்? “வெட்டு.” கடைசியில் தவளை, செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி மூட்டை இறக்குகிற அனாதைப் பையனாகிவிட்டது. உடம்பெல்லாம் சொறி, பச்சைச் சட்டை. ராஜா மகள் அவனுக்காக முழங்கால் போட்டு ஜெபிக்கிறாள், ஒரு பாட்டுப் பாடுகிறார்கள், பாட்டு முடிகிறபோது சொறி போய்விடுகிறது.

நான் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்: “அங்கிள், மந்திரம் சொல்லி ஒரு நிமிஷத்துல குணமானா ஜாலம்னு வெட்டறீங்க. ஜெபம் சொல்லி ஒரு நிமிஷத்துல குணமானா மட்டும் அது என்ன?”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அது வேற, இது வேற. நீ திரையை மட்டும் இழும்மா.”

‘அது வேற, இது வேற.’ இதுதான் அவருடைய வேதம், தத்துவம், எல்லாம். எங்கே மாட்டிக்கொண்டாலும் இதைச் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்.

நானும் ஜெபிக்கிறவள்தான். முழங்கால் வலிக்க ஜெபித்தவள். ஆனால் இந்த மனிதரின் கடவுள் இருக்கிறாரே, அவருக்கு முக்கால்வாசி நேரம் கார் பார்க்கிங்கில் இவர் காடிக்கு இடம் பிடிக்கிற வேலைதான். எங்கள் சபையில் ஆராதனை நடுவில் சாட்சி சொல்வது வழக்கம். அந்த வாரம் கர்த்தர் என்ன நன்மை செய்தார் என்று யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். புருஷனுக்கு வேலை போனவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் எல்லாம் இரண்டு வார்த்தை பேசி உட்காருவார்கள். பிறகு இவர் எழுந்திருப்பார். “நேத்து பிரிக்பீல்ட்ஸ் போனேன். தீபாவளிக் கூட்டம். ஒரு இடமும் இல்ல. கண்ண மூடி, கர்த்தாவேன்னேன். வாழையிலைக் கடைக்கு நேரா ஒரு காடி வெளிய வருது!” கூட்டம் ஆமென் சொல்லும். அந்தத் தெருவிலேயே குடியிருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காடிக்காரன் சாப்பிட்டு முடித்தான், கிளம்பினான். இதற்குப் பரலோகத்தில் மீட்டிங் போட்டார்களாக்கும்.

இன்னொரு நாள், சபையில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள். தகப்பன் ஆசைப்பட்டு வித்தை காட்டுகிற ஒருவனை அழைத்து வந்திருந்தான். அவன் பிள்ளைகளின் காதிலிருந்து காசு எடுத்தான், கைக்குட்டையிலிருந்து பூ எடுத்தான். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. டைரக்டர் அங்கிள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “தம்பி, அந்த எடது கையத் தொறங்க” என்றார். அவன் சிரித்துச் சமாளித்தான். இவர் விடவில்லை. போய் மணிக்கட்டைப் பிடித்து விரலைப் பிரித்துவிட்டார். காசு விழுந்தது. “பாத்தீங்களா பிள்ளைங்களா? பொய்!” பிறந்தநாள் பிள்ளை ஓவென்று அழ ஆரம்பித்தது. அவர் உட்கார்ந்து நிம்மதியாக கேக் சாப்பிட்டார். அடுத்தவன் கையைத் திறந்து காட்டுவதில் அவ்வளவு ஆனந்தம் அவருக்கு.

அந்த நீல டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒத்திகையில் சாயங்காலம் ஆனதும், “பாப்பா, சுடுதண்ணி” என்பார். ரீனா ஓடிப்போய் மக்கில் கொண்டுவருவாள். டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை எடுப்பார். பிரஷருக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று. அண்ணாந்து விழுங்கிவிட்டு, துடைத்து, மூடி, திரும்பப் பையில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொள்வார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. மாத்திரை இறங்கிய அதே தொண்டையால், “சீக்குக்கு மருந்து தேடறவன் பாதி விசுவாசி” என்று பிள்ளைகளுக்குப் போதிப்பார்.

ரீனாவுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி. பெரியவர்களுக்கு வருவது போல மாத்திரையில் அடங்குகிறது அல்ல. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும், போடாவிட்டால் உயிருக்கு ஆபத்து. பேனா மாதிரி ஒரு ஊசி, எங்கே போனாலும் கூடவே போகும். பள்ளியில் கழிவறைக்குள் ஒளிந்து நின்று போட்டுக்கொள்வாள். சபையில் யாராவது பார்த்துவிட்டால் முகம் செத்துப்போகும். ஒவ்வொரு தடவையும் அவள் வயிற்றைக் கிள்ளிப் பிடிக்கும்போது என் அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். இது எப்போது நிற்கும் என்று கேட்டதற்கு டாக்டர், வாழ்நாள் முழுக்க என்றார். டைரக்டர் அங்கிள், டிசம்பர் என்றார். என் அக்கா யாரை நம்புவாள்?

அந்த வருஷம் அவர் ரட்சிக்க எடுத்தது தூங்குகிற ராஜகுமாரி கதையை. சூனியக்காரி கிடையாது, வெட்டு. ஊசி குத்தித் தூங்கிப்போகிறது கிடையாது, காய்ச்சல் வந்து படுக்கிறாள். முத்தம்? அடேயப்பா, அந்தப் பக்கத்தைச் சிவப்புப் பேனாவால் கிழியும் அளவுக்கு அடித்தார். ராஜாவும் ஜனங்களும் கட்டிலைச் சுற்றி முழங்கால் போடுவார்கள், ஒரு ஊழியக்காரப் பையன் வந்து, “மகளே, எழுந்திரு” என்பான், அவள் எழுந்து பாடுவாள். ராஜகுமாரி எங்கள் ரீனா. பதினாறு வயதுப் பெண்ணுக்கு முதல் தடவையாகப் பெரிய வேஷம். தலைகால் தெரியாத சந்தோஷம். அவரைக் கடவுளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தாள்.

நாடகத்துக்கு முன்னால் நடிக்கிறவர்கள் எல்லாரும் உபவாச ஜெபம் எடுப்பது அவர் வைத்த சட்டம். ரீனாவுக்கு மட்டும் அவர் தனியாக ஒன்று சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாடகத்தன்று, சனிக்கிழமை மத்தியானம் ரீனா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள். “ஸ்டேஜ் பயம் லா, எல்லாருக்கும் வரும்” என்று பவுடர் போட்டுவிட்ட பெண் சிரித்தாள். என்னைக் கீழே சமையல் பக்கம் பிரியாணி பிரிக்க விட்டிருந்தார்கள். நான் மேலே வந்து திரையை இழுத்தபோது அவள் ஏற்கெனவே கட்டிலில் படுத்திருந்தாள்.

ராஜா அழுதார். ஜனங்கள் பாடினார்கள். ஊழியக்காரப் பையன் வந்து கையை நீட்டி, “மகளே, எழுந்திரு” என்றான்.

அவள் எழுந்திருக்கவில்லை.

பையன் குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னான். முன்வரிசையில் சிரிப்பு. பிறகு யாரோ கைதட்ட, கூட்டம் முழுக்கக் கைதட்டியது. என்ன நடிப்பு, பொண்ணு அசைய மாட்டேங்குதே என்று என் பின்னால் ஒரு அம்மா மெச்சிக்கொண்டாள். டைரக்டர் அங்கிள் ஓரத்திலிருந்து மைக்கோடு மேடைக்கு வந்தார். கட்டிலுக்கு அருகில் குனிந்து பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது, சத்தியமாகப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து, “சபையார் எல்லாரும் எழுந்து நின்னு ஜெபம் பண்ணுங்க” என்றார்.

நான் திரைக் கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். பெருமூச்சு பெருமூச்சாக இழுத்துக்கொண்டிருந்தாள். வாயில் அழுகின அன்னாசிப்பழ வாசனை, ஊசி தவறினால் வரும் என்று டாக்டர் முன்பே எச்சரித்த வாசனை.

“அக்கா! இவ கடைசியா ஊசி எப்ப போட்டா?”

கூட்டத்தில் நின்ற என் அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அவரைப் பார்த்தாள்.

“அக்கா, உன்னத்தான் கேக்கறேன்!”

“வியாழக்கிழமையிலேருந்து போடல” என்றாள். “அங்கிள்தான் சொன்னாரு. விசுவாசத்துல எழுந்திரிக்கிற பிள்ள உள்ளுக்குள்ள ஊசி வச்சிக்கிட்டுப் படுத்தா அது பொய்யாயிடும், கர்த்தரோட கிரியை நடக்காதுன்னு…”

நான் ரீனாவைத் தூக்கப் போனேன். அந்த மனிதர் என் குறுக்கே கையை வைத்தார். மைக்கை மூடிக்கொண்டு மெதுவாக, “ஒரு நிமிஷம்மா, ஜெபம் முடியட்டும்” என்றார்.

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. மேடையில் நின்று, கோயில் மாதிரி ஒரு இடத்தில், அத்தனை பேர் காது கேட்கச் சொன்னேன். கையைத் தட்டிவிட்டேன். ராஜாவாக நடித்த சேகர் நிஜத்தில் லோரி ஓட்டுகிறவன். அவன் ரீனாவை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, “அக்கா, சபை வேன் கதவத் தொறங்க” என்றான். பஞ்சுத் தாடியும் அட்டைக் கிரீடமுமாக அவன் வேனை ஓட்டிய ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மருத்துவமனை அவசரப் பிரிவில் மலாய் நர்ஸ், இவர் யார் என்று சேகரைக் காட்டிக் கேட்டாள். “ராஜா” என்றேன். எனக்கு வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை கையை விட்டுப் போயிருப்பாள் என்றார் டாக்டர். மறுநாள் ரீனா கண்ணைத் திறந்தாள். கேட்ட முதல் கேள்வி, “சித்தி, பாட்டு யாரு பாடுனா?”

டைரக்டர் அங்கிள் வார்டுக்கு வந்தார். சர்க்கரை வியாதிக்காரப் பிள்ளையைப் பார்க்க ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். டிரிப் ஏறிக்கொண்டிருந்த பாட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “பாத்தியாம்மா, விசுவாசம் எழுப்பிடுச்சு” என்றார். வெட்கம் மானம் சூடு சுரணை என்று எதுவுமே கிடையாதா ஒரு மனுஷனுக்கு? நான் பழப் பையை எடுத்துப்போய் நர்சுகளிடம் கொடுத்துவிட்டேன்.

அதைவிடக் கொடுமை, என் அக்கா. “நாம வேன்ல போனதுக்கப்புறம் அவரு ஸ்டேஜ விட்டு இறங்கவே இல்லையாம் டி. விடாம ஜெபம் பண்ணாராம்” என்றாள். கண்ணில் தண்ணீர். “அதனாலதான் டி பிள்ள பொழச்சா.”

“இன்சுலின் போட்டதால பொழச்சா.”

“அதுவும்தான். ஆனா…”

அந்த ‘ஆனா’வைக் கேட்ட கையோடு எழுந்தேன். நான் பாஸ்டரிடம் போய்க் கத்தினேன். அவர் சாதுவான மனுஷர். “மருந்தும் ஆண்டவர் கொடுத்ததுதான்னு நான் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன், சிஸ்டர்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். தரைக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்?

புது வருஷத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் சாட்சி ஞாயிறு. போன வருஷத்தின் பெரிய நன்மையை மேடையேறிச் சொல்லலாம். அதற்கு முந்தின நாள் அக்கா ஃபோன் பண்ணினாள். மறுநாள் ரீனாவைக் கூப்பிட்டு சாட்சி சொல்ல வைக்கப் போகிறாராம். சொல்லி முடித்ததும், ஊசியை எல்லார் முன்னாலும் கர்த்தர் பாதத்தில் வைத்துவிட வேண்டுமாம். அடுத்த வருஷ நாடகமே இதுதானாம். அக்காவின் குரலில் பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது.

“நீ என்ன சொன்ன?”

“அவளே முடிவு பண்ணட்டும்னேன்.”

“அறிவு இருக்கா உனக்கு?” என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

மறுநாள் நான் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேவைப்பட்டால் மறுபடியும் ஓடலாம் என்றுதான். பீடத்துக்கு முன்னால் ஒரு சின்ன மேஜை, வெள்ளைத் துணி, அதன்மேல் பளபளவென்று ஒரு காணிக்கைத் தட்டு. ஏற்பாட்டில் குறையே வைக்க மாட்டார் அந்த மனிதர். ரீனாவின் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். அவள் கையில் அந்தப் பேனா ஊசி.

“சொல்லும்மா, உன்ன யாரு எழுப்புனது?” என்று மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

ரீனா தட்டைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டைப் பையைப் பார்த்தாள்.

“அங்கிள், நான் வைக்கிறேன்” என்றாள். “முதல்ல நீங்க வைங்க.”

“என்னம்மா?”

“உங்க மாத்திர டப்பா, அங்கிள். நாந்தானே தினமும் சுடுதண்ணி கொண்டு வந்து தருவேன். நீங்க அத வைங்க, நான் இத வைக்கிறேன். ரெண்டு பேருமே விசுவாசத்துல இருப்போம்.”

குறும்பே இல்லை அவள் முகத்தில். அந்தப் பிள்ளை நிஜமாகத்தான் கேட்டாள். அவர் வைத்திருந்தால் அவளும் வைத்திருப்பாள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நான் பாதி எழுந்துவிட்டேன்.

அவர் கை மேலே போனது. சட்டைப் பையை அப்படியே பொத்திக்கொண்டது. வித்தைக்காரன் விரலைப் பிரித்த அதே கை, இப்போது இவர் நெஞ்சின்மேல் இறுக மூடிக் கிடந்தது. சபை முழுக்க அந்தக் கையைத்தான் பார்த்தது.

“இது பிரஷருக்கும்மா…” என்றார். மைக் இன்னும் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. “டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னிருக்காரு. அது வேற, இது வேற.”

ஸ்பீக்கர்கள் அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தன. யாரும் ஆமென் சொல்லவில்லை.

முன்வரிசையில் என் அக்கா எழுந்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைப் படிக்கட்டருகே போய்க் கையை நீட்டினாள்.

“எறங்கி வா ரீனா. சாப்பிடறதுக்கு முன்னாடி ஊசி போடணும்.”